கண்டிராக்டரை அமர்த்துமுன்



‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இப்பழமொழி பிறந்த காலத்தில், வீடு கட்டுகிறவனைச் சுற்றி ஓர் ஊரே இருந்தது. கொத்தனார் யாருடைய மகன், எந்தத் தெருவினர், முன்பு எவர் வீட்டுச் சுவரை எழுப்பினார், அச்சுவர் இப்போது எந்நிலையில் நிற்கிறது என்பனவெல்லாம் திண்ணையில் அமர்ந்தவாறே அறியக்கூடிய செய்திகளாய் இருந்தன. வேலையில் குறை வைத்தவர் மறுநாளும் அதே தெரு வழியாகத்தான் நடந்து போகவேண்டும். ஆகவே, ஊராரின் பார்வையே அவருக்கு உரிமச் சீட்டாகவும், நமக்குப் பிணைப் பத்திரமாகவும் விளங்கிற்று.

தொழிலை நாடி டில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் நாகபுரிக்கும் வந்து குடியேறிய நமக்கு அந்தத் துணை இல்லை. முப்பது ஆண்டு உழைப்பின் சேமிப்பையும், வைப்பு நிதியையும், வங்கிக் கடனையும் ஒன்றுதிரட்டி, புறநகரில் ஒரு சிறு மனையின்மேல் இறக்கிவைக்கிறோம். அதை ஒப்படைக்கும் மனிதரையோ, பெரும்பாலும், யாரோ ஒருவர் சொன்ன ஒரு சொல்லைக்கொண்டே தேர்ந்தெடுக்கிறோம். ஊரின் பார்வை காத்ததை இங்கு எது காக்கும்? எழுத்து, அளவு, படிப்படியாகப் பணம் என்னும் மூன்றுமே காக்கும் என்பதே நாம் இன்று கூற வந்த செய்தி.

முதலில் உரிமம் என்பதைப் பற்றிச் சிறிது தெளிவு பெறுவோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமம் வழங்குவதற்கென்றே 1929-ஆம் ஆண்டு முதல் ஓர் அரசு வாரியம் இயங்கி வருகிறது. அங்கு வீட்டுச் சீரமைப்பு வேலைக்கு ஒப்பந்தக்காரர் கேட்கக்கூடிய முன்பணம், மொத்தத் தொகையில் 10 விழுக்காடு அல்லது 1000 டாலர், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது என்று சட்டமே வரையறுத்துள்ளது. நம் நாட்டில், வீடு கட்டித்தரும் ஒப்பந்தக்காரர் அனைவருக்கும் பொதுவாக, நாடு முழுமைக்கும் செல்லக்கூடிய அத்தகைய உரிமம் ஒன்று இல்லை. ஆயினும், ‘அரசு உரிமம் பெற்றவர்’ என்னும் பலகையைப் பல கடைகளின் முகப்பில் காண்கிறோம். அப்பலகை பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. எந்த அரசு, எதற்காக, என்ன உரிமம் தந்தது என்று கேட்டறிவது நம் கடமை என்றே சொல்லுகிறோம்.

மத்தியப் பொதுப்பணித் துறை தன் வேலைகளுக்கென ஒப்பந்தக்காரர்களைத் தரவாரியாகப் பதிவு செய்கிறது. அப்பதிவு அரசுப் பணிகளுக்கான டெண்டரில் கலந்துகொள்வதற்குரிய தகுதி; நம் வீட்டு வேலைக்கு அத்துறை பொறுப்பேற்கும் என்பது அதன் பொருளன்று. எனினும், அத்தகையவர் ஓரளவு அனுபவம் காட்டியே பதிவு பெற்றிருப்பார் என்பதால், அதற்கு மதிப்புண்டு. மின்சார ஒப்பந்தக்காரருக்கு மாநில அரசு தரும் உரிமம் வேறு. அது மின்கம்பி வேலைக்கு மட்டும் உரியது. ஜி.எஸ்.டி. எண் என்பது வரி செலுத்துவதற்கான பதிவு. அது கைத்திறனுக்குச் சான்றாகாது. கட்டடக் கலைஞர், அதாவது ஆர்க்கிடெக்ட் என்போர், 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டடக்கலைக் கழகத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அவர் வரைபடத்துக்குப் பொறுப்பாளர். செங்கல்லை அடுக்குபவர் வேறொருவர். இவ்வாறு ஒவ்வொரு காகிதத்தையும் அதனதன் எல்லைக்குள் வைத்துப் பார்த்தால், ஏமாற்றத்தில் பாதி அப்பொழுதே நீங்கிவிடும்.

காகிதத்தைப் பார்த்தபின் கட்டடத்தையும் பார்க்கவேண்டும். ஒப்பந்தக்காரர் கட்டி முடித்த வீடுகளில், குறைந்தது இரண்டு மழைக்காலங்களைக் கண்ட வீடு ஒன்றையேனும் நேரில் சென்று பார்ப்பது நலம். புதிதாகச் சுண்ணம் பூசிய வீடு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். குளியலறைக்குப் பின்புறச் சுவரில் ஈரம் ஊறியிருக்கிறதா, மாடிப்படியின் அடிப்பாகத்தில் வெடிப்பு ஓடியிருக்கிறதா, மொட்டைமாடியில் நீர் தேங்குகிறதா என்று பார்க்கவேண்டும். வீட்டுக்காரரிடம், ‘குறை ஏற்பட்டபோது அழைத்தீர்களா? வந்தாரா?’ என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும். குறையே இல்லாத கட்டடம் அரிது. அழைத்தால் வருகிற மனிதர் கிடைப்பது அதனினும் அரிது.

இனி மொழியைப் பற்றி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மிடம் நண்பர்கள் சிலர் தங்கள் ஒப்பந்தத் தாள்களைக் கொண்டுவந்து பொருள் கேட்பதுண்டு. வடநாட்டுக் கட்டடத் தொழிலில் வழங்கும் சொற்கள் சில நம்மைச் சுலபமாகத் தடுமாறச் செய்யும். இரும்புக் கம்பிக்கு அங்கே ‘சரியா’ என்று பெயர். மேஸ்திரி ‘சரியா’ என்று சொல்லும்போது, நம்மவர் வேலை ஒழுங்காயிருக்கிறதா என்று கேட்கிறார் என எண்ணித் தலையசைத்தால் என்னாவது? சிமென்டும் மணலும் கலந்த கலவை ‘மசாலா’; ஜல்லி ‘ரோடி’; சித்தாள் ‘பேல்தார்’. இவை நகைப்போடு போய்விடும். நகைப்பில் முடியாத சொல் ஒன்றும் உண்டு.

‘லெண்டர்’ என்பது அச்சொல். நம் ஊரில் லிண்டல் என்றால், கதவு சன்னல்களின் மேல் வரும் கட்டையையே குறிப்போம். டில்லி வட்டாரத்தில் அதே ஆங்கிலச் சொல் திரிந்து ‘லெண்டர்’ ஆகி, மேல்தளம் முழுவதையும் குறிக்கிறது. நண்பர் ஒருவர், ‘லெண்டர் முடிந்ததும் மூன்றாம் தவணை’ என்று எழுதப்பட்டிருந்ததை நம் ஊர்ப் பொருளில் எடுத்துக்கொண்டார். சன்னல் உயரம் வந்தவுடனே தளத்துக்குரிய தொகையைக் கொடுத்துவிட்டார். பெற்றுக்கொண்டவர் மறுக்கவில்லை, ஆட்களை வேறொரு வேலைக்கு அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் அவ்வீடு வானம் பார்த்து நின்றது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை.

அளவுகளும் அவ்வாறே. நாம் சதுரக் கணக்கில் பேசுவோம். ஒரு சதுரம் 100 சதுர அடி. டில்லியில் மனையைக் ‘கஜ்’ கணக்கில் சொல்வர். ஒரு சதுர கஜம் 9 சதுர அடி. கொல்கத்தாவில் ‘கட்டா’ என்பது 720 சதுர அடி. ஆகையால், ஒப்பந்தத்தில் சதுர அடியோ சதுர மீட்டரோ ஏதேனும் ஒன்றை மட்டும் எழுதி, எந்தப் பரப்புக்குக் கூலி என்பதையும் எழுதவேண்டும். மாடிப்படி, பால்கனி, சன்னலின் மேல் நீளும் சஜ்ஜா, நீர்த்தொட்டி, சுற்றுச்சுவர் ஆகியவை கணக்கில் சேருமா, சேராதா? இக்கேள்விக்கு முன்னரே விடை எழுதப்படாவிட்டால், கடைசிக் கணக்குத் தீர்க்கும் நாளில் அது சண்டையாக எழும்.

ஒப்பந்தம் எம்மொழியில் இருந்தாலும், நாம் படித்துப் பொருள் கொள்ளக்கூடிய மொழியில் ஒரு படியும், ஒப்பந்தக்காரர் படிக்கக்கூடிய மொழியில் ஒரு படியும் இருத்தல் வேண்டும். இரண்டில் முரண் தோன்றினால் எது செல்லும் என்றும் குறிக்கவேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லுபடியாகும் என்பது உண்மையே. ஆயின், சொன்னதை மெய்ப்பிப்பது யார்? சாட்சி சொல்ல வரவேண்டிய உறவினர் ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறார்.

அத்தாளில் என்னென்ன இருக்கவேண்டும்? அனுமதி பெற்ற வரைபடம் இணைப்பாக இருக்கவேண்டும். பொருளும் கூலியும் சேர்ந்த விலையா, கூலி மட்டுமா என்பது முதல் வரியிலேயே இருக்கவேண்டும். பொருளும் சேர்ந்ததாயின், சிமென்டின் வகை, கம்பியின் தரம், செங்கல்லின் வகை, மின்கம்பியின் கனம், குழாயின் வகை, தரைக்கல்லின் விலை வரம்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக எழுதவேண்டும். ‘முதல் தரப் பொருள்கள்’ என்று எழுதுவது ஒன்றும் எழுதாததற்குச் சமம். முடிக்கவேண்டிய நாள், இடையில் நாம் கேட்கும் மாற்றங்களுக்கு விலை தீர்மானிக்கும் முறை, குறை நீக்கித்தரும் காலம் ஆகியவையும் வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை குறிப்பது வழக்கம். அத்தொகை முழுவதும் தானாகவே நம் கைக்கு வந்துவிடும் என்று எண்ணலாகாது. அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் அவ்வரம்புக்குள் நியாயமானதையே அளிக்கும்.

அடுத்து, பணம். வங்கிகள் வீடு கட்டத் தரும் கடனைக் கட்டடத்தின் வளர்ச்சியைப் பார்த்துப் பார்த்துத் தவணையாகவே தருகின்றன. மத்திய அரசு ஊழியருக்குரிய வீடு கட்டும் முன்பணமும் அவ்வாறே பகுதி பகுதியாக வருகிறது. வழக்கறிஞர்களையும் பொறியாளர்களையும் கைவசம் வைத்திருக்கும் நிறுவனங்களே இவ்வளவு முன்னெச்சரிக்கையோடு நடந்துகொள்ளும்போது, தனி மனிதராகிய நாம் மட்டும் பாதித் தொகையை முதல் நாளிலேயே எடுத்துக் கொடுப்பது எதனால்? முன்பணம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது. கடைக்கால் முடிந்து தரைமட்டம் வந்ததும் ஒரு தவணை. சன்னல் மேல்கட்டை வந்ததும் ஒன்று. தளம் போட்டதும் ஒன்று. பூச்சு முடிந்ததும் ஒன்று. குழாயும் மின்சாரமும் இயங்கியதும் ஒன்று என வகுத்துக்கொள்ளலாம். இறுதியில் இருபதில் ஒரு பங்கையேனும் ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைப்பதாக முன்னரே எழுதிக்கொள்ளவேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வங்கி வழியாகவோ கைபேசி வழியாகவோ சென்றால், அதுவே ரசீதாகி நிற்கும்.

கட்டடத்தில் மறைந்துபோகும் வேலைகள் சில உண்டு. கடைக்காலின் ஆழம் மண்ணால் மூடப்படும்; கம்பி கான்கிரீட்டால் மூடப்படும்; குழாய் சுவரால் மூடப்படும். இவற்றை மூடுமுன் பார்க்கவேண்டும், அளக்கவேண்டும், படம் எடுத்துக்கொள்ளவேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ.எஸ். 456 என்னும் கான்கிரீட் நெறிமுறையில், நம்போன்றோர்க்கும் விளங்கக்கூடிய எண்கள் சில இருக்கின்றன. தளத்துக் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் கனத்துக்கேனும் கான்கிரீட் மூட்டம் இருக்கவேண்டும். தூண் கம்பியைச் சுற்றிப் பொதுவாக 40 மில்லிமீட்டர் வேண்டும். இம்மூட்டம் குறைந்தால் ஈரம் புகுந்து கம்பி துருவேறும். துரு பருத்துக் கான்கிரீட்டை உடைக்கும். தளம் போட்டபின், குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்கவேண்டும். வறண்ட கடும் வெயிலுள்ள இடங்களிலும், சாம்பல் கலந்த சிமென்டைப் பயன்படுத்தும்போதும் 10 நாளுக்குக் குறையலாகாது. டில்லியின் மே மாத வெயிலை அறிந்தவர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை. முட்டுகளை எடுப்பதிலும் அவசரம் கூடாது. நான்கரை மீட்டர்வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் முட்டு நிற்கவேண்டும். ஆறு மீட்டர்வரையுள்ள உத்திரத்துக்கு 14 நாள். அதனினும் நீண்டதற்கு 21 நாள். சென்ட்ரிங் பலகைக்கு நாள்வாடகை கொடுக்கும் ஒப்பந்தக்காரருக்கு அதை விரைவில் கழற்றும் ஆசை இருப்பது இயல்பே. நாளை எண்ணிச் சொல்லவேண்டியவர் வீட்டுக்காரர்தாம். இவற்றோடு, தளம் போடும் நாளில் மட்டுமேனும், ஒப்பந்தக்காரரைச் சாராத பொறியாளர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அழைத்துவருவது, வீண் செலவாகாது.

சொந்த ஊரில் வீடு கட்டிவிட்டு ஓய்வுக்குப் பின் அங்கே சென்று அமர விரும்புவோரும் நம்மில் பலர். அவர்கள் இங்கிருந்தவாறே அங்கு கட்டுகிறார்கள். மைத்துனரோ சிற்றப்பாவோ மேற்பார்வை செய்வார். அவ்வாறு செய்பவர்க்கு, பார்வையிடவும் அளவெடுக்கவும் அதிகாரம் தரும் கடிதம் ஒன்று போதும்; மனையையே விற்கக்கூடிய பொது அதிகாரப் பத்திரம் தேவையில்லை. உறவினர் அனுப்பும் படத்தில் அளவு நாடாவும் தெரியவேண்டும் என்று கேட்டுக்கொள்வது உறவைக் குறைக்காது. ‘என்னை நம்பவில்லையா?’ என்று அவர் கேட்டால், ‘உங்களுக்குப் பிற்பாடு பழி வாராதிருக்கவே கேட்கிறேன்’ என்று சொல்லலாம். அது உண்மையும்கூட.

இவ்வளவும் செய்தபின்னும் தகராறு நேர்ந்தால், செல்லவேண்டிய இடம் எது? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது 2016-ஆம் ஆண்டின் ரெரா, பலருக்கு விற்பதற்காகக் கட்டும் பெரிய திட்டங்களுக்கே உரியது. தம் மனையில் தமக்கென ஒரு வீடு கட்டுவோர்க்கு அது உதவாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உதவும். 1993-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வீடு கட்டுதல் என்பதும் ‘சேவை’ என்னும் சொல்லுக்குள் சேர்க்கப்பட்டது. பழைய வீட்டை இடித்து மாடிகள் எழுப்பி, அவற்றில் பங்கு எடுத்துக்கொள்ளும் பில்டர் முறை டில்லியில் மிகுதி. அம்முறையில் மனைக்குரியவரும் நுகர்வோரே என்று 2008-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் டில்லி வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நமக்கென்றே இயற்றியதுபோன்ற வசதி ஒன்றைத் தந்திருக்கிறது. முறையிடுபவர் தாம் வசிக்கும் இடத்திலோ, பணிபுரியும் இடத்திலோ உள்ள ஆணையத்திலேயே வழக்கிடலாம். தஞ்சையில் கட்டிய வீட்டுக்காக டில்லியில் முறையிட முடியும். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் முறையிடவேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆயினும், வழக்கு என்பது கடைசி மருந்து. ஒப்பந்தம் நம்மை மட்டும் காப்பதற்காக எழுதப்படுவதன்று என்பதையும் நினைவில் இருத்துவோம். பாதி வேலையில் வரைபடத்தை மாற்றி, கூடுதல் தொகை கேட்டால் முகம் சுளிக்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. முடிந்த தவணையை இன்று நாளை என்று இழுத்தடிப்பவர்களும் உண்டு. ஒப்பந்தக்காரர் கைக்கு வராத பணம், கூலியாளின் கைக்கும் வராது. டில்லியிலும் மும்பையிலும் நம் சுவரை எழுப்பும் அக்கூலியாட்கள் எவர்? பெரும்பாலும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் புந்தேல்கண்டிலிருந்தும் வந்தவர்கள். அவர்களும் நம்மைப்போல் ஊரை விட்டு வந்தவர்களே. நமக்கிருக்கும் மாதச் சம்பளமும் அலுவலக அடையாள அட்டையும் அவர்களிடம் இல்லை. சாரத்தின்மேல் நிற்பவர்க்குத் தலைக்கவசமும் இடைக்கயிறும் தரவேண்டும் என்றும், விபத்துக்குக் காப்பீடு ஒப்பந்தக்காரர் எடுக்கவேண்டும் என்றும், வாரக்கூலி நிலுவையின்றித் தரப்படவேண்டும் என்றும் நம் ஒப்பந்தத்தில் மூன்று வரி சேர்ப்பதற்கு எவரும் நம்மைத் தடுப்பதில்லை.

எழுதிக் கேட்பது நம்பிக்கையின்மை என்று நினைக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. நல்ல ஒப்பந்தக்காரர் ஒருவர் எழுத்துக்கு அஞ்சுவதில்லை. தாம் செய்யவேண்டியது எது, செய்யவேண்டாதது எது என்று தெளிவாவதில் அவருக்கும் நிம்மதி உண்டு. எழுத்து என்றதும் விலகிச் செல்பவர், நம் வீட்டுக் கடைக்காலில் கைவைக்குமுன்பே விலகிச் சென்றுவிட்டார் என்பதற்காக நாம் மகிழலாம். வீடு கட்டத் தொடங்கவிருக்கும் நேயர்கள் இவ்வாரத்திலேயே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, எந்தப் பரப்பு, எந்தப் பொருள், எந்த நாள், எத்தனை தவணை என்னும் நான்கு கேள்விகளை எழுதி, அவற்றுக்கு விடை கிடைத்த பிறகே முன்பணத்தை எண்ணுவார்களாக.